அலமாரி மேல என்ன இருக்கு?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இருக்கிறேன். நீயும் இருக்கிறாய் என்று உன் அறைத்தோழி சொன்னாள். அது போதும் என்று இத்தனை நாள் விட்டுவிட்டேன்.

நான் அடித்தால் நீ போனை எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் பார்ப்பதில்லை. "அந்த நம்பர்ல இருக்கறது அப்பா இல்லடி" என்று நான் சொன்ன அன்று வைத்தவள்தான். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உன் தோழியின் அண்ணன் நாளை அங்கே கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புவேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், நான் படித்த படிப்பு அவ்வளவுதான். ஆனால் இந்தக் கோணல் வேறு யாருக்கும் வராது. எழுதினது நான்தான் என்று பார்த்தவுடன் உனக்குத் தெரியும்.

வேலைக்குப் போகிறேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் புது மெஷின் வந்திருக்கிறது, பழையதைவிடச் சத்தம் அதிகம். மூக்குக்கண்ணாடி அக்காவும் நானும்தான் இன்னமும் சேர்ந்து போர்வை மடிக்கிறோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. போன வாரம், "என்னடி பொணம் மாதிரி நிக்கற, நல்லா உதறு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உதறினேன். வீட்டுப் போர்வையைத்தான் தனியாக மடிக்க வரவில்லை. சுருட்டி ஓரமாக வைத்துவிடுகிறேன்.

நீ வர முடியாமல் போனதால் அப்பா போன அன்று நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. சொல்ல அதிகமில்லை. வேலை செய்த இடத்திலேயே, ரோட்டோரம், கேபிள் சுற்றிய உருளையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். தூங்குகிறார் என்று நினைத்துக் கூட வேலை பார்த்தவர்கள் பக்கத்தில் டீயை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டீ ஆறிப்போய் ஏடு கட்டிய பிறகுதான் பார்த்தார்களாம். அவர் போனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். துணிக்கு நடுவில் வைத்தேன். சார்ஜ் போட வேண்டும், பணம் கட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. யாருக்காகக் கட்டுவது?

அதுதான் இப்படி ஆனது. போன் கடைக்காரப் பெண் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "நம்பர்ங்கறது வாடகை வீடு மாதிரிக்கா. வாடகை கட்டலைன்னா கம்பெனிக்காரன் கொஞ்ச நாள் பாப்பான், அப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துருவான். பழைய ஆளுக்கு வர்ற தபாலும் அந்த வீட்டுக்குத்தான் போகும்." நீ அப்பாவுக்கு எழுதியதெல்லாம் இப்போது குடிவந்தவன் பிரித்துப் படிக்கிறான்.

நீ தினமும் அந்த நம்பருக்கு எழுதிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. உன் தோழி சொல்லித்தான் தெரியும். அவள் மேல் கோபப்படாதே, பயந்துபோய்ச் சொன்னாள். ஒரு நாள் நீ "சாப்பிட்டீங்களா" என்று போட்டதற்கு, "சாப்பிட்டேன் மகளே, நீ?" என்று பதில் வந்ததாம். நீ போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்விட்டாயாம். அதற்கப்புறம் அவன் கேட்கக் கேட்கப் பணம் அனுப்புகிறாயாம். சம்பளம் வந்த அன்றே போய்விடுகிறதாம். கிடங்கில் ராத்திரி வேலையும் சேர்த்துப் பார்க்கிறாயாம். இப்போது பேங்கிலிருந்து உன் போனுக்கு வருகிற ரகசிய எண்ணைக் கேட்கிறானாம். அதை மட்டும் நீ இன்னும் கொடுக்கவில்லையாம்.

நீ ஏமாந்துவிட்டாய் என்று உன் தோழி நினைக்கிறாள். நான் நினைக்கவில்லை. அப்பா உன்னை ஒரு நாளாவது மகளே என்று கூப்பிட்டிருக்கிறாரா? பிறந்ததிலிருந்து "மேடம்"தானே. "மேடம் எழுந்தாச்சா, மேடத்துக்குக் காப்பி ஆறுது." உனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்புகிறாய்.

அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? இன்டர்நெட் வானத்திலிருந்து வருகிறது என்று நான் சொன்னதற்கு அன்று முழுக்கச் சிரித்தார். "மண்ணுக்கடியிலேர்ந்து வருதுடி. கடலுக்கடியிலயும் போகுது. தலைமுடி கனத்துல கண்ணாடி நூல், அதுக்குள்ள வெளிச்சம் ஓடுது, அவ்ளோதான்" என்றார். அந்த நூலில் ஒரு துண்டைக் கொண்டுவந்து டார்ச்சை ஒரு முனையில் பிடித்து மறுமுனையைக் காட்டினார். ஊசி முனை அளவு வெளிச்சம். "இந்த நூலுக்கு ஆள் தெரியாது. வெளிச்சம் விட்டா கொண்டுபோய் விடும். அந்தப் பக்கம் இருக்கறது யாருன்னு பாக்கறது நம்ம வேலை." மாமா பெயரைச் சொல்லி எவனோ போனில் அழுது பணம் கேட்டு, நான் அனுப்பக் கிளம்பின வாரம் அது.

அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியை வைத்தார். "இந்த வீட்ல யார் போன்ல பணம் கேட்டாலும், நானே கேட்டாலும், என் குரலே கேட்டாலும், 'அலமாரி மேல என்ன இருக்கு?'ன்னு கேக்கணும். பதில் வரலைன்னா வெச்சிடணும். பதிலை எங்கயும் எழுதக்கூடாது, வாயில மட்டும்தான் இருக்கணும்." பதிலைச் சொன்னதும் நீ சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாய். நான் உங்கள் இரண்டு பேரையும் கரண்டியால் அடிக்க வந்தேன்.

அவனிடம் நீ அதைக் கேட்கவில்லை. ஏன் என்று நான் கேட்க மாட்டேன். நீ அவனைக் கேட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

அதனால் நான் கேட்டேன்.

கடைக்காரப் பெண்ணின் போனிலிருந்து அடித்தேன். மனப்பாடமான நம்பர், விரல் தானாகப் போனது. மணி அடித்தது. அதையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவன் எடுத்தான். சின்ன வயசுக் குரல், ஜலதோஷம் பிடித்திருந்தது. பின்னால் டிவி ஓடியது. "அலோ, யாரு?" என்றான். எனக்கு வேறெதுவும் வரவில்லை. "அலமாரி மேல என்ன இருக்கு?" என்றேன். அவன் டிவி சத்தத்தைக் குறைத்தான். அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன். அப்புறம், "எந்த அலமாரிம்மா? உங்களுக்கு யார் வேணும்?" என்றான். நான் வைத்துவிட்டேன். கடைக்காரப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டாள், உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை.

மறுநாள் பேங்குக்குப் போனேன். அப்பா கணக்குக்கான ரகசிய எண் இன்னமும் அந்த நம்பருக்கேதான் போய்க்கொண்டிருந்ததாம். "ஏம்மா, ஆள் போன உடனே வந்து சொல்ல மாட்டீங்களா?" என்று மேனேஜர் திட்டினார். இறப்புச் சான்றிதழைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு அந்த நம்பரை எடுத்துவிட்டேன். நீயும் அங்கே எங்கெல்லாம் அப்பா நம்பரைக் கொடுத்திருக்கிறாயோ அங்கெல்லாம் மாற்றிவிடு. அவன் கேட்கும் எண்ணைக் கொடுக்காதே, அது உன் வீட்டுச் சாவி. போலீஸிலும் விசாரித்தேன். பணம் போட்டவள்தான் புகார் கொடுக்க வேண்டுமாம். வெட்கப்படாதே. நீ எழுதியதையெல்லாம் அழிக்காதே, அவர்கள் கேட்பார்களாம்.

அழிக்க வேண்டாம் என்று நானும்தான் சொல்கிறேன். நீ அப்பாவுக்கு எழுதியது அப்பாவுக்குத்தான். யார் படித்தாலும் அது அவனுக்கு ஆகிவிடாது. இனி எழுத ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுது. அவர் மாதிரி வேடிக்கையாகப் பதில் சொல்ல எனக்கு வராது. சாப்பிட்டாயா என்று கேட்டால், சாப்பிட்டேன் என்று மட்டும்தான் சொல்வேன். அது பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் சொல்வது நான்தான்.

அந்தப் பதில் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். இப்போது நீயும் நானும். இங்கே எழுத மாட்டேன், அவர் போட்ட சட்டம். கடிதம் கிடைத்ததும் ஒரு தடவை போன் பண்ணு. நலமா என்று கேட்க வேண்டாம். வேறெதுவும் பேச வேண்டாம். அந்தக் கேள்வியை மட்டும் கேள். நான் சொல்கிறேன்.

சலவைக்கூடத்தில் போன் சத்தம் கேட்காது. அதனால் இடுப்பில் செருகிக்கொண்டுதான் மடிக்கிறேன். அதிர்ந்தால் தெரியும். அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், நடுவில் போர்வையை விட்டுவிட்டால் திட்டக்கூடாது என்று.

நல்லா இரும்மா. நேரத்துக்குத் தூங்கு.

உன் அம்மா