முழுசாக வந்த செய்தி

நவம்பர் 4
கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் மகள் ஜோதிகாவிடம் ‘சாப்பிட்டியா’ என்று ஆசையாகக் கேட்டால், பதில்: “s ma. ttyl. tc”. இந்த tc-யைப் பார்த்ததும், காலேஜில் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்களோ என்று பதறிப்போய்க் கூப்பிட்டேன். “உடம்பப் பாத்துக்கன்னு அர்த்தம்மா” என்று போனில் சிரிக்கிறாள். அதை எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா?

நவம்பர் 9
அங்கன்வாடியில் என்னோடு வேலை செய்யும் நாகஜோதியிடம் மற்றதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ttyl என்றால் அப்புறம் பேசுகிறேன். brb என்றால் இதோ வந்துவிடுகிறேன். வந்ததே கிடையாது. பெற்ற அய்யாவைக்கூட ஜோதிகா “ya” என்று நறுக்கிவிட்டாள். “எழுதுனா முழுசா எழுது, இல்லாட்டி எழுதாத” என்று வாய்ஸ் அனுப்பினேன்.

நவம்பர் 17
மிளகாய்க் காட்டில் களையெடுப்பு. இரண்டு நாளாக அவளிடமிருந்து ஒன்றுமில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. திட்டியதில் கோபமோ?

மாலையில் வந்தது. “அம்மா, நான் நலமாக இருக்கிறேன். பரீட்சை இருப்பதால் பேச முடியவில்லை. அப்பாவிடமும் சொல்லுங்கள்.”

ஒரு எழுத்துப் பிழை இல்லை. வீட்டுக்காரரிடம் காட்டினேன். “நீதான முழுசா எழுதச் சொன்ன? எழுதிட்டா. இப்ப என்ன?” என்கிறார்.

அப்பாவா? பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவரை அய்யா என்றுதானே கூப்பிடுகிறாள்!

நவம்பர் 18
விடிந்ததும் எழுதினேன் — “யாரும்மா நீ? என் பிள்ளை எங்க?”

உடனே போன். ஹாஸ்டல் அறையில் ஜோதிகாவோடு இருக்கும் சஃபா, பொள்ளாச்சிப் பெண். நேற்று எழுதியது அவள்தானாம். ஒரே அழுகை. ஜோதிகாவுக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். “நீங்க பயந்துக்குவீங்கன்னு அவதான் ஆன்ட்டி சொல்ல வேண்டாம்னா.” அடிப்பாவிகளா!

அவர் காட்டைப் பார்க்கட்டும். நான் பஸ் ஏறுகிறேன்.

நவம்பர் 19, கோயம்புத்தூர்
பிள்ளை துவண்டு கிடக்கிறாள். பிளேட்லெட் இன்னும் இறங்குகிறதாம். இன்று ஒரு நாள் தாண்டட்டும் என்கிறார் டாக்டர். என்ன செய்வேன் —

ஊரில் தனியாக இருக்கிறவருக்கு என்ன சொல்ல? “ஜோதிகா நன்றாக இருக்கிறாள். காய்ச்சல் குறைந்துவிட்டது. கவலைப்படாமல் சாப்பிடுங்கள்” என்று நிறுத்தி நிதானமாக எழுதி அனுப்பினேன்.

நவம்பர் 20
பிளேட்லெட் கொஞ்சம் ஏறியிருக்கிறது. கஞ்சி நாலு வாய் குடித்தாள். அவரிடம் சொல்லலாமென்று போனை எடுத்தால், வாய்ஸ் ஒன்று கிடக்கிறது. பின்னால் பஸ் இரைச்சல்.

“ஏ மாரி, என்னைக்குமில்லாம இம்புட்டு அழகா எழுதிருக்கியே, பிள்ளைக்கு என்னடி ஆச்சு? நான் பல்லடம் தாண்டிட்டேன். இந்தா வாரேன்.”