கட்சி மாறிய புதன்கிழமை

அன்று அந்தக் கடைச் சாவியை ஏன் என் கையில் கொடுத்தாய்? இருபது வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் கிடக்கிறது. எனக்கு விடை தெரியாது. உன்னிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. போன மழைக்காலத்தில் நீயும் போய்விட்டாய்.

இன்று இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு வாசனை. கொச்சியில் கலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் சான்றிதழ் ஒன்றை லேமினேட் செய்யக் கொடுத்துவிட்டு நின்றேன். இயந்திரத்தின் மறுபக்கத்திலிருந்து சூடான பிளாஸ்டிக் மெல்ல வளைந்து வெளியே வந்தது. அதன் மணம் மூக்கில் ஏறியதும் நான் கலூரில் இல்லை. மட்டாஞ்சேரியில், சுக்கு மூட்டைக் கிடங்கை ஒட்டிய அந்த டிடிபி கடையில், உனக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் நீ கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடிப்பாய். மற்றது பெரும்பாலும் சும்மா இருக்கும். முதலாளிச் சேட்டன் இடப்பள்ளியிலிருந்து காலையில் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார், சாயங்காலம் ஒருமுறை வருவார். நடுவில் கடை உன்னுடையது. நான் பாரலல் காலேஜ் என்ற டுட்டோரியலில் புள்ளியியல் பாடம் எடுத்து முடித்துக்கொண்டு மத்தியானம் வந்து சேர்வேன். நமக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, இரண்டு பேரையும் பற்றித் தெருவில் பேச்சு இருந்தது. நாம் உட்கார்ந்து விண்வெளியில் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அந்த இன்டர்நெட் விளையாட்டில் படம் என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. கறுப்புப் பக்கம், புள்ளிகள், எண்கள். ஒரு கப்பலை அனுப்பினால் போய்ச் சேர மணிக்கணக்காகும். அனுப்பிவிட்டுச் சோறு தின்னப் போகலாம். உலகத்தின் எங்கெங்கோ இருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஆடினார்கள். சேரும்போதே ஓர் அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேரரசு, வணிகர், சுரங்கக்காரர் என்று மூன்று.

"சுரங்கக்காரங்க மதி, அது போதும்," என்றாய் உடனே.

"எதுக்குடீ? இருக்கிறதிலே பலவீனமான அணி."

"எங்க அப்பா ஆளுங்க மாதிரி இருக்காங்க. அழுக்கு அள்ளுறவங்க. மத்த ரெண்டும் கண்டாலே முதலாளிதான்."

உன் அப்பா நகராட்சியில் துப்புரவு வேலையிலிருந்தார். கடைசிவரை ஒரே யூனியன். நான் சிரித்தேன். "இது வெறும் நிறம்டீ. பச்சை, நீலம், மஞ்சள். எவனோ ஒருத்தன் உக்காந்து எழுதினது."

"நீ படிச்சவ. உனக்கு எல்லாமே எவனோ எழுதினது."

நானும் சுரங்கக்காரரின் மஞ்சளில் சேர்ந்தேன். உனக்காகத்தான் சேர்ந்தேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே வேறு யாரையும் எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

ஒரு வருடத்துக்கு மேல் பாடுபட்டு ஒரு நிலையம் கட்டினோம். நீ அதற்கு நம் ஊர்ப் படகுத்துறையை நினைத்துப் போட்ஜெட்டி என்று பெயர் வைத்தாய். பின்லாந்தில் ஒருவன், பிரேசிலில் ஒருத்தி, எல்லோரும் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லப் பழகினார்கள். நீதான் தளபதி. நிலையத்தின் வாசலைத் திறக்க ஆறு இலக்க எண் ஒன்று உண்டு. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அந்த எண் எதிரியின் கைக்குப் போனால் ஒரே மாலையில் போட்ஜெட்டி இல்லாமல் போய்விடும்.

நான் ஏன் போக நினைத்தேன்? உன்னிடம் சொல்லாத காரணங்களை இப்போதாவது சொல்கிறேன். நாம் தோற்றுக்கொண்டிருந்தோம், என் கணக்குப்படி இன்னும் மூன்று மாதம் தாங்கினாலே அதிகம். வணிகர்களிடம் தொலைதூரக் கப்பல்கள் இருந்தன. வரைபடத்தின் ஓரத்தில் யாரும் போகாத ஒரு வெற்றிடம் இருந்தது. அங்கே போய்ப் பார்க்க எனக்கு ஆசை. இன்னொன்றும் உண்டு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. போட்ஜெட்டியில் உன் சொல்தான் நடந்தது. நான் நல்ல யோசனை சொன்னாலும், "அது பின்னே நோக்கலாம்" என்பாய். அந்தப் 'பின்னே' ஒருநாளும் வந்ததில்லை.

அணி மாறுவதற்கு விதி எளிமையானது. கோரிக்கை அனுப்ப வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். அதற்குள் மனம் மாறினால் திரும்பப் பெறலாம். அந்த நாள் கழிந்தால் மாறியவர் பழைய அணிக்கு எதிரி. பழைய துறைமுகத்தில் நிற்கும் அவர் கப்பல்களை அதன் தளபதி சுட்டுத் தள்ளலாம், கேள்வி கிடையாது.

வணிகர் தலைவன் போலந்துக்காரன் என்று சொல்லிக்கொண்டான். அவன் எழுதியது இரண்டே வரி. வாசல் எண்ணுடன் வந்தால் படைத்தலைவி. எண் இல்லாமல் வந்தால் சாதாரண மாலுமி.

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி கடந்து பத்து நிமிடம் இருக்கும். கோரிக்கையை அனுப்பினேன். உனக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. நீ பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாய். நாளைக்குள் சொல்லிவிடலாம், நீ வேண்டாமென்றால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று தீர்மானித்திருந்தேன். ஒரு நாள் தாராளம் என்று பட்டது.

எல்லாவற்றையும் கணக்குப் போட்டவள் ஹர்த்தாலை விட்டுவிட்டேன். கொச்சியில் பிறந்து வளர்ந்தவள் செய்யக்கூடாத தப்பு. அன்று மாலைச் செய்தியில் சொன்னார்கள்: நாளை காலை ஆறு முதல் மாலை ஆறு வரை கடை, பஸ் எதுவும் கிடையாது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கே இறங்கி நடந்தேன். நமது கடை பூட்டிக்கிடந்தது. போர்ட் கொச்சி வரைக்கும் ஒரு இன்டர்நெட் கடைகூடத் திறந்திருக்கவில்லை. எறணாகுளத்துக்குப் படகும் ஓடவில்லை. வெயிலில் நடக்க நடக்க ஒன்று உறுதியாகத் தெரிந்தது: எனக்கு வேண்டியது திரும்பப் பெறும் பொத்தான்தான். மூன்று பத்துக்குள் அதை அழுத்தாவிட்டால் நான் உனக்கு எதிரி. அதுவும் உன்னிடம் சொல்லாமல் ஆன எதிரி.

உன் வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி இரண்டு. நீ கப்பை, மரவள்ளிக்கிழங்கு, வேகவைத்து இறக்கிக்கொண்டிருந்தாய்.

"எந்தாடீ, முகம் வெளுத்துக் கிடக்கு? வெயில்ல எங்க சுத்துறே?"

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே, ஒரே மூச்சில். போலந்துக்காரன் கேட்டதையும் சொன்னேன். நீ பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நம்பர் கொடுத்தியா?"

"இல்லே."

"கொடுப்பியா?"

"மாட்டேன்."

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாய். திரும்பி வந்தபோது கையில் கடைச் சாவி. சேட்டன் உன்னிடம்தான் விட்டு வைத்திருந்தார், எனக்குத் தெரியாது. "வா," என்றாய். அவ்வளவுதான்.

ஹர்த்தால் நாளில் கடையைத் திறந்தால் கல் வரும் என்று உனக்குத் தெரியாதா? தெரு ஆளில்லாமல் கிடந்தது. கிடங்கின் பக்கம் ஒரு நாய் மட்டும். பூட்டைத் திறப்பாய் என்று நினைத்தேன். நீ சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினாய்.

"நீயே திற. நான் வரலை. வெளியில நிக்கேன்."

"நீயும் வாயேன்."

"உன் கப்பல். உன் விரல். நான் எதுக்கு?"

ஷட்டரைக் கால்வாசி தூக்கி, குனிந்து உள்ளே போய், மறுபடி இறக்கினேன். இருட்டு. கம்ப்யூட்டர் எழுந்து வர ஒரு யுகம் ஆயிற்று. போன் லைன் இரண்டு முறை கூவி அறுந்தது. மூன்றாவது முறை பிடித்தது. பக்கம் திறந்தபோது மேலே மீதி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு நிமிடம். கீழே பொத்தான்.

நான் அழுத்தவில்லை.

காலையெல்லாம் அந்தப் பொத்தானைத் தேடித்தானே நடந்தேன்? அதன் முன்னால் உட்கார்ந்ததும் வேறொன்று தோன்றியது. உன்னிடம் சொல்லியாயிற்று. ஒளிவு இல்லை. இனிமேல் இதை அழுத்தினால் உன் முகத்துக்காக அழுத்துவேன். அடுத்த மாதம் மறுபடி இதே இடத்தில் உட்கார்ந்திருப்பேன். என் ஆசை அந்த வெற்றிடத்தின் மேல்தான் இருந்தது, அப்போதும்.

பத்து நிமிடம் மீதி இருக்கும்போது கோஷம் கேட்டது. தூரத்தில் ஆரம்பித்து நம் தெருவுக்குள் திரும்பியது. மானிட்டரை அணைத்தேன். சத்தம் நெருங்கி, கடைக்கு எதிரே நின்றது. பூட்டில்லாத ஷட்டரை யாரோ பார்த்திருக்க வேண்டும். ஓங்கி ஓர் அடி. தகரம் முழுக்க அதிர்ந்தது.

"ஆரா அகத்து?" உள்ளே யார் என்று ஓர் அதட்டல்.

மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது வெளியே உன் குரல், சோம்பலாக, கொட்டாவி விடுகிற மாதிரி.

"ஆருமில்ல சேட்டா. பூச்சயாக்கும். பேப்பர் கட்டுல பெத்துப் போட்டிருக்கு."

பூனைக் கதையைக் கேட்டு யாரோ சிரித்தார்கள். இன்னொருவன், "எத்ர குட்டி?" என்றான். நீ, "நாலு," என்றாய். கொஞ்ச நேரத்தில் கோஷம் மறுபடி நகர்ந்து கடல் பக்கமாகப் போயிற்று.

மானிட்டரைப் போட்டபோது மீதி நேரம் ஓடவில்லை. பக்கத்தின் நிறம் வணிகரின் நீலமாகியிருந்தது.

வெளியே வந்து சாவியைத் தந்தேன். "முடிஞ்சதா?" என்றாய். "முடிஞ்சது," என்றேன். எது முடிந்தது என்று நீ கேட்கவில்லை. என் முகத்தில் இருந்திருக்கும். "சாரமில்லே, போகட்டும். வா, கப்பை ஆறிப்போகும்," என்றாய். உன் வீட்டில் உட்கார்ந்து தின்றேன். என் நான்கு கப்பல்கள் அந்த நேரத்தில் உன் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தன. அவற்றை நீ என்ன செய்வாய், என்னை என்ன செய்வாய் என்று நினைத்தபடியே விடிந்தது.

அதன் பிறகு விளையாட்டு மூடப்படும்வரை எதிரெதிர் அணியில் ஆடினோம். அந்த வெற்றிடத்துக்குப் போனேன். அங்கே ஒன்றும் இல்லை. நீ அதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தாய். போட்ஜெட்டி என் கணக்கைப் பொய்யாக்கிக் கடைசிவரை நின்றது. அந்தப் புதன்கிழமையைப் பற்றி மட்டும் நாம் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். பிறகு இரண்டு சங்கங்களிலிருந்தும் ஒரு வேலையிலிருந்தும் விலகியிருக்கிறேன். மூன்று முறையும் முதலில் நேரில் போய்ச் சொன்னேன், பிறகுதான் கடிதம் கொடுத்தேன். நல்ல குணத்தால் அல்ல. அந்த வெயிலில் இன்னொரு முறை நடக்க என்னால் முடியாது.

அந்தப் புதனுக்கு மறுநாள், வியாழக்கிழமை நடந்தது இது. ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்தேன். நீ எனக்கு முன்பே வந்திருந்தாய். ஸ்டூலை இழுத்துப் போட்டு, பக்கத்தைத் திறந்தேன். நான்கு கப்பல்களும் முழுசாக நின்றன. காலையில் யாரோ நான்கிலும் எரிபொருள் நிரப்பியிருந்தார்கள். தளபதியைத் தவிர வேறு யாராலும் அது முடியாது. நிலையத்தின் முகப்பில், வாசல் எண் கடைசியாக மாற்றப்பட்ட நேரம் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். அதைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, மூன்று மணி பதினான்கு நிமிடம். நான் கோரிக்கை அனுப்பி நான்கு நிமிடத்தில். கோரிக்கை போனதுமே தளபதிக்குத் தகவல் போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. கப்பல்களைக் கிளப்பினேன். உன் பீரங்கிகள் எட்டும் தூரத்தைக் கடக்கப் பதினொரு நிமிடம் பிடித்தது. உன் திரையிலும் அந்த நான்கு புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பதினொரு நிமிடமும் நீ இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.