இடது மூலையில் நீ இல்லாத சனிக்கிழமை

கையுறையில் இன்னும் உன் வாசனை இருக்கிறது. ரப்பர், ஈரப் புல், நீ எப்போதும் வாயில் அடக்கிக்கொள்ளும் புளிப்பு மிட்டாய். போன மாதம் ஏவன்டேலில் உங்கள் வீட்டு வாசலில் வைத்து உன் அம்மா இதை என்னிடம் கொடுத்தார். இன்றுதான் பையிலிருந்து எடுத்தேன். என் அம்மாவுக்கு இரவு டியூட்டி. தங்கை பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் தைரியமாக எழுதுகிறேன். தைரியம் என்றது பொய். பயமாக இருக்கிறது. நாளைக்கு மறுபடியும் மேட்ச்.

இடுப்பில் தொங்கும் நாடாவைப் பிடுங்கினால் ஆட்டம் நிற்கும் அந்த ஃபுட்பாலில் நான் குவாட்டர்பேக், பந்தை எறிகிறவள். நீ ஓடிப்போய்ப் பிடிக்கிறவள். வீட்டில் எது கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் நாம் மைதானத்தில் மட்டும் தமிழில் கத்தினோம், எதிரணிக்குப் புரியக் கூடாது என்று. ரசம் என்றால் கிட்டத்திலேயே திரும்பி நிற்பாய். உங்கள் வீட்டுத் தேங்காய்ப்பால் குழம்பின் பெயர், சொதி என்றால் இடது மூலைவரை ஓடுவாய். "எங்கட சொதி உங்கட ரசத்தைவிடத் தூரம் போகும்" என்று சிரிப்பாய். முதல் மேட்சில் நான் எறியத் தயங்கியதைப் பார்த்து, "எடி, பயமெண்டா பயத்தோடயே எறி. பந்துக்கென்ன தெரியப்போகுது?" என்றாய்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

போன சனிக்கிழமை, மாஸி என்ற புறநகர் மைதானத்தில், நீ இல்லாத முதல் மேட்ச். முதல் எறிதலிலேயே என் வாய் தானாக "சொதி!" என்று கத்திவிட்டது. பந்தும் போய்விட்டது. மூலையில் யாருமில்லை. எதிரணிப் பெண் ஒருத்தி நிதானமாகப் பிடித்துக்கொண்டு மறுமுனைவரை ஓடினாள். அடுத்த முறை வாயை இறுக மூடிக்கொண்டேன். கை கேட்கவில்லை, அதே மூலைக்கே எறிந்தது. "யாருக்கு எறியறே? பேய்க்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

உன் இடத்தில் இப்போது சுமதி ஆடுகிறாள். ஃபிஜிக்காரர்கள் வீட்டுப் பெண், பெயரில் மட்டும்தான் தமிழ். இடைவேளையில் வந்து, "வாட்ஸ் சொதி? எனக்கும் சொல்லு, நான் ஓடுறேன்" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நத்திங்," என்றேன்.

என்னை வெளியே எடுத்துவிடுங்கள் என்று கோச்சிடம் சொல்லத்தான் எழுந்தேன். அவரைத் தாண்டி நடந்து மைதானத்துக்கே திரும்பினேன். அதன்பிறகு ஆங்கிலத்தில் மட்டும் கத்தி, கிட்டக் கிட்ட எறிந்தேன். சுமதி ஒன்றைப் பிடித்துக் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தாள். தோற்றோம். ஆனால் கடைசி எறிதலும் என்னுடையதுதான்.

நாளை தோற்றால் இந்த சீசன் முடிந்தது. கிட்ட எறிந்து மட்டும் ஜெயிக்க முடியாது. அதனால் இன்று மாலை பயிற்சி முடிந்ததும் சுமதியிடம் சொல்லிவிட்டேன். சொதி என்றால் இடது மூலை, திரும்பிப் பார்க்காமல் ஓடு. ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே, "ஈஸி," என்றாள்.

நாளை நான் கத்தியதும் அவள் அங்கே ஓடுவாள். தவறவிட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. பிடித்துவிடுவாளோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. பிடித்துவிட்டால் அந்த மூலை அவளுடையதாகிவிடும்.

எறிவேன்.