மார்சியாலின் பச்சைச் சட்டை

அன்பு மகன் எலிசெயோவுக்கு,

சித்தப்பா ஃபெர்மின் எழுதுவது. கடவுள் கருணையிலும் நமக்கு முன்னால் போனவர்கள் தயவிலும் நானும் உன் சித்தி தொமாசாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், கூரை ஒழுகவில்லை, கோழிகள் முட்டையிடுகின்றன, உன் முழங்கால் வீக்கம் வடிந்து நீ ஹூஸ்டன் தரையில் நிமிர்ந்து நிற்கிறாய் என்ற சேதி வந்துவிட்டால் எங்கள் சுகத்தில் குறை ஏதும் இருக்காது. போனில் கூப்பிட்டால் சரி சித்தப்பா, சரி சித்தப்பா என்று சொல்லிவிட்டு நான் மூச்சு வாங்குவதற்குள் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கப்பல் வேலைக்குத் திரும்பும் நர்சிசோ கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கையில் பிடித்துப் படித்தால் பாதியில் வைக்க முடியாது பார். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான், ஆனால் அந்தக் கொஞ்ச நாளிலேயே டீச்சர் கணக்கில் என்னிடம் சந்தேகம் கேட்டாள் என்பதை ஊரே சொல்லும்.

இங்கே எங்கு திரும்பினாலும் உன் பேச்சுதான். ட்ருஹியோ ரேடியோவிலிருந்து ஒரு பையன் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, கால்பந்தாட்டக்காரன் எலிசெயோவின் இடது காலை உருவாக்கியது யார் என்று கேட்டான், நானும் உள்ளதைத்தான் சொன்னேன், நான்கு வயதில் அப்பாவை இழந்து எங்களிடம் வந்த பிள்ளையைக் கடற்கரை மணலில் நிறுத்தி இளநீர்க் காய்களை உதைக்க வைத்தேன், ஒரு படகு நிறையக் காய்கள், ஒருநாள் ஒரு காய் பறந்துபோய்க் கடலில் நின்ற கப்பலின் புகைபோக்கியில் விழுந்தது என்று. உன் சித்தி அடுப்படியிலிருந்து, "அந்தப் பய உதைச்சது பாதி, இவரு உடைச்சுக் குடிச்சது பாதி, அதையும் எழுதிக்கோப்பா" என்று சொன்னாள், அந்தப் பையன் அதையும் ஒலிபரப்பிவிட்டான். இருந்தாலும் இப்போது சந்தைக்குப் போனால் எனக்கு ஒரு மீன் கூடுதலாகத்தான் விழுகிறது.

நம் ஹொண்டுராஸ், உன் அம்மாவின் நாடு, இரண்டும் தேசிய அணிக்கு உன்னைக் கூப்பிடுகின்றன என்ற செய்தி வந்ததிலிருந்து ஊர் இரண்டாகிப் போனது. ஒரு தடவை ஒரு நாட்டுக்கு ஆட இறங்கிவிட்டால் அப்புறம் மாறுவது கஷ்டம் என்கிறார்கள், அதனால் ஆளாளுக்குத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நம் ஊர் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் லீனோவின் கடையில் வாழைக்காய் இடிக்கும் சத்தத்தைவிட இந்தச் சண்டைச் சத்தம்தான் அதிகம். ஒருத்தன் சொல்கிறான், "அவன் அம்மா ஊரு சம்பளம் குடுக்குது, அம்மா ஊருக்குத்தான் ஆடுவான், விடுங்கடா." இன்னொருத்தன், "அவன் தின்னது நம்ம மரவள்ளி ரொட்டி, ஓடினது நம்ம மணலு, அங்க போயி என்னத்த ஆடுவான்?" என்கிறான். நடுவில் வலை தைக்கும் கிழவன் ஒருத்தன் இருக்கிறானே, அவன் மட்டும் மெதுவாக, "கோல் போட்டா நம்ம பையன், கோட்டை விட்டா கறுப்பன், எந்த நாட்டுச் சட்டை போட்டாலும் கதை அதுதான்" என்று சொன்னான். நான்தான் சும்மா இருக்க முடியாமல், என் மகன் ஹொண்டுராஸுக்குத்தான் ஆடுவான், எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டான் என்று மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டேன். நீ அப்படி ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும், கூட்டத்தைப் பார்த்ததும் வார்த்தை தானாக வந்துவிட்டது.

இனி சொல்லப்போவதை உட்கார்ந்து படி. உன் முழங்கால் வீங்கிய அதே சமயத்தில்தான் உன் அப்பா வரத் தொடங்கினான். முதலில் தொமாசாவுக்கு. மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தவளின் கனவில், கடலிலிருந்து ஏறிவந்த மாதிரி உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட, மேலுக்கு ஒன்றும் இல்லாமல், கைகளை நெஞ்சின் மேல் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றானாம். ஒன்றும் பேசவில்லையாம். எழுந்து பார்த்தால் வாசலில் மணல் ஈரமாக இருந்தது என்கிறாள். அங்கே உன் டாக்டர்கள் படம் மேல் படமாக எடுத்து, உள்ளே ஒன்றும் இல்லை, ஏன் வீங்குகிறது என்று தெரியவில்லை என்கிறார்கள், இங்கே அவன் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நம் ஜனத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்நிய மண்ணில் புதைந்தவன், துறைமுகத்தில் விழுந்து செத்தவன், நாங்கள் யாரும் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, இறந்தவர்களுக்கு நாம் தண்ணீர் ஊற்றி வழியனுப்பும் குளிப்பாட்டு அவனுக்கு இன்னும் நடக்கவில்லை.

ஆகவே நடத்தினோம். எப்படி நடத்தினோம் தெரியுமா, இந்தக் கரையில் இதுபோல் ஒரு குளிப்பாட்டு நடந்ததில்லை, மேளம் அடித்தவர்களுக்குக் கை வீங்கிவிட்டது, லா சேய்பாவிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. கொல்லையில் ஆளளவு குழி வெட்டி, நல்ல தண்ணீரும் மரவள்ளி ஊறிய தண்ணீரும் வாளி வாளியாக நிறைத்து வைத்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய், மார்சியால் இந்தா உன் தண்ணீர் என்று குழிக்குள் ஊற்றினோம். குளித்துவிட்டு உடுத்திக்கொள்ள அவனுக்குக் கயிற்றில் மாற்றுத்துணி கட்ட வேண்டும் அல்லவா, அங்கேதான் லீனோ வந்து நின்றான். கையில் புத்தம்புதிய தேசிய அணிச் சட்டை, வெள்ளையும் நீலமுமாக. உன் அப்பாவை வாலிபத்தில் ஒருமுறை தலைநகரத்துக்குக் கூப்பிட்டு, அந்தச் சட்டையைப் போட்டுவிட்டுப் படம் பிடித்தார்கள், சாயங்காலமே ஆள் அதிகம் என்று கழற்றி வாங்கிக்கொண்டு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், அதற்கப்புறம்தான் அவன் பந்தை விட்டுக் கப்பலுக்குப் போனான். அந்த ஏக்கத்தில்தான் வெறும் உடம்போடு வந்து நிற்கிறான், அவனுக்கு இதைக் கட்டுங்கள், மகன் இந்த நாட்டுக்கு ஆட வேண்டும் என்றுதான் கேட்கிறான் என்று லீனோ சொன்னதும் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். நானே கயிற்றில் கட்டினேன்.

மகனே, அந்தச் சட்டை காயவில்லை. தண்ணீர் ஊற்றியபோது தெறித்த ஈரம்தான், ஆனால் மணல் கொதிக்கிற வெயிலில், பக்கத்தில் கட்டிய துண்டு மரவள்ளி ரொட்டியாகக் காய்ந்து விறைக்க, அது மட்டும் சொட்டிக்கொண்டே கிடந்தது. தொமாசா பிழிந்து பிழிந்து போட்டாள். பிறகு மறுபடியும் அவள் கனவில் வந்தான், இந்த முறை கயிற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றானாம். நான் அவளை வாயை மூடு என்றேன், வந்தவர்களிடமெல்லாம் என் அண்ணன் குளித்து உடுத்திக்கொண்டு சிரித்தபடி போய்விட்டான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படியிருக்க, ஒருநாள் உச்சி வெயிலில் மைதானத்தைத் தாண்டி வரும்போது, கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒருத்தன் நின்றான். கார்னர் உதைக்கும்போது நீ நிற்பாயே, ஒரு கையால் மறுகையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, அதே நிலை. நீ லீவில் வந்துவிட்டாய் என்று நினைத்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூட வாயெடுத்தேன். அவன் மேலுக்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை. தலைமயிரிலிருந்து தண்ணீர் மணலில் சொட்டியது. நான் எத்தனையோ கதை சொல்லியிருக்கிறேன், திமிங்கிலத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தேன் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன், இதை நான் இதுவரை லீனோ கடையில் சொல்லவில்லை, அதிலிருந்தே நீ புரிந்துகொள்.

அன்று மாலையே சிமியோனாவிடம் போனோம், நம் ஊரில் இறந்துபோனவர்கள் அவள் வாயால்தானே பேசுவார்கள். அவள் ஒரு கோப்பை வேர்ச்சாராயத்தைத் தரையில் ஊற்றி, சுருட்டைப் பற்றவைத்து, கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தாள். பிறகு உன் அப்பாவின் குரல் வந்தது, அதே மூக்கடைத்த குரல்.

"டேய் ஃபெர்மின், ஒரே ஒரு நாள் போட்டுப் பாத்துட்டுக் கழட்டிக் குடுத்த சட்டைடா அது. என்னுது எங்கடா?"

தொமாசாதான் கேட்டாள், மச்சான், பையன் எந்த நாட்டுக்கு ஆடணும், அதையாவது சொல்லிட்டுப் போங்க என்று. அதற்கு அவன் சிரித்தான். "நாட்டப் பத்தி நான் எப்பம்மா கேட்டேன்? குளிருது." அவ்வளவுதான், சிமியோனா கீழே சரிந்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் தொமாசா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். போன பருவத்தில் நீ அந்தக் கோலைப் போட்டுவிட்டுக் கிளப் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடினாயே, டிவியில் பார்த்தோமே, உள்ளே பச்சையாக ஒன்று போட்டிருந்தாயே என்றாள். உன் அப்பா போட்டு ஆடிய நம் ஊர் அணியின் பச்சைச் சட்டை, தோளில் தொமாசா போட்ட கறுப்பு நூல் தையலோடு. உன் அம்மா உன்னை அழைத்துப்போக வந்த அன்று நீ பெட்டியில் வைத்துக்கொண்டு போனது. அப்பாவின் சட்டை உள்ளே இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று நீ பேட்டியில் சொன்னதாக நர்சிசோவும் சொன்னான். கடையில் அன்று அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் எல்லோருக்கும் சாராயம் வாங்கிக் கொடுத்தேன்.

அவன் உன்னைக் காவல் காக்கிறான் என்று நீ நினைக்கிறாய். காவலும் இல்லை ஒன்றும் இல்லை மகனே, அவன் தன் சட்டையைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்குகிறான், உன் காலைப் பிடித்து இழுப்பதும் அதற்குத்தான். கோபத்தில் இல்லை, உன் அப்பாவுக்குக் கோபம் வராது, குளிரில் நடுங்குகிறவன் அகப்பட்டதைப் பிடித்துக்கொள்வான் அல்லவா, அப்படி. அது இல்லாமல் மைதானத்தில் இறங்க உனக்குப் பயமாக இருக்கும், எனக்குத் தெரிகிறது. ஆனாலும் கொடுத்துவிடு. குழியை மூடாமல் பலகை போட்டு வைத்திருக்கிறோம், உன் பங்குத் தண்ணீரை நீதான் ஊற்ற வேண்டும், உன் கையால்தான் கயிற்றில் கட்ட வேண்டும்.

நாட்டுக் கதைக்கு வருகிறேன். உன் அம்மா டெனீஸ் அண்ணியின் நாட்டுக்கு ஆட மனசிருந்தால் ஆடு, இங்கிருந்து அழைத்துப்போன பிறகு தனியாக உன்னைத் தூக்கி நிறுத்தியவள் அவள். நம் நாட்டுக்கு ஆட மனசிருந்தால் ஆடு, நான் சந்தையில் இரண்டு மீன் கூடுதலாக வாங்குவேன். அப்பாவுக்காக என்று மட்டும் எதையும் எடுக்காதே, அவன் அதைக் கேட்கவில்லை. லீனோ கடையில் நான் சொன்ன வாக்கை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அதற்கு ஒரு நல்ல கதை யோசித்து வைத்திருக்கிறேன், நீ கவலைப்படாதே.

வெள்ளை நீலச் சட்டையை அவிழ்த்து லீனோவிடமே கொடுத்துவிட்டேன், அவன் கடையில் போட்டதும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டதாம். பாதாம் மரத்துக்கும் சமையலறைத் தூணுக்கும் நடுவில் இப்போது கயிறு வெறுமையாக இருக்கிறது. காற்று இல்லாத நேரத்திலும் ஆடுகிறது. தொமாசா பார்க்காத மாதிரி பாத்திரம் கழுவுகிறாள், நானும் பார்க்காத மாதிரி விசிலடிக்கிறேன்.

நீ வெந்நீரில் காலை வை, இரவில் பனிக்கட்டி போட்ட பானம் குடிக்காதே, அம்மாவிடம் எதிர்த்துப் பேசாதே. உன் இரண்டு காலும் இரும்பாக இருக்கட்டும், நீ போகிற பாதையில் கல் இல்லாமல் இருக்கட்டும், நமக்கு முன்னால் போனவர்கள் வயிறு நிறைந்து, உடுத்தி, அவரவர் இடத்தில் உறங்கட்டும்.

ஒன்று மறந்துவிடாதே, சட்டையைப் பெட்டியில் வைக்காதே. விமானத்தில் அதைப் போட்டுக்கொண்டே வா. வழியில் தோள் ஈரமானால் துடைக்காதே, பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால் மழை என்று சொல். அவனும் கூடவே வந்துவிடுவான்.

உன் வரவுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கும்,
சித்தப்பா ஃபெர்மின்