ரோசம்மாளுக்கு ஓர் அலமாரி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். மேற்குக் காற்று. துணி காயவில்லை. புதுப் பேனா நன்றாக எழுதுகிறது.

இன்றும் ரோ. கிளம்பிவிட்டாள். ரோ. என்றால் என் மனைவி ரோசம்மாள். முழுப் பெயரும் எழுதத் தெரியும், கை வலிக்கிறது. இரும்புப் பெட்டியைத் திறந்து பட்டுச் சேலைகளையெல்லாம் போர்வையில் மூட்டை கட்டி, காங்கேயம் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். பக்கத்து வீட்டுச் சரசு கூட்டிவந்தாள்.

"ஏனுங்க மாமா, அத்தை பொறந்த ஊட்டுக்குப் போறேங்குது. அங்க ஆரு இருக்கறாங்க?"

யாரும் இல்லை. மறதி வியாதி. டாக்டர் மாத்திரையை மட்டும் மாற்றுகிறார்.

மாதா கோயில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த கல்யாணப் பட்டு மடிப்பில் இழை விட்டுக் கிழிந்திருக்கிறது. மூட்டை கட்டிக் கட்டியே. அவள் கவனிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

யோசித்தது: எல்லாம் பெட்டியால் வந்தது. இந்த வீட்டுக்கு வரும்வரை வாழ்நாளெல்லாம் வாடகை வீடு. நல்ல சேலை என்றால் பெட்டியில்தான். பெட்டியைப் பார்த்தால் யாருக்கும் ஊருக்குப் போகத்தான் தோன்றும். இது சொந்த வீடு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பீரோ வாங்கக் கட்டாது. உள் அறைச் சுவரில் சிலாப் பதித்த மாடம் சும்மா கிடக்கிறது. கதவு போட்டால் போதும்.

அலமாரி. தப்பில்லாமல் எழுதிவிட்டேன். மாதா கோயில் முதியோர் வகுப்பில் இந்தச் சொல் வரவே இல்லை. நானே எழுத்துக் கூட்டியது. இன்னொரு முறை: அலமாரி.

ஜூலை 10, வியாழன்

உக்கடம் பழைய மரக்கடை. இடித்த வீட்டு ஜன்னல் கதவு ஒரு ஜோடி, தேக்கு. கடைக்காரப் பாய் கேட்டார், "இந்த வயசுல ஆருக்குங்கண்ணா சீர் செய்யறீங்க?"

"எங்க ஊட்டம்மணிக்குத்தானுங்க."

சிரித்தார். கீல் சும்மா கொடுத்தார்.

பஸ்ஸில் கண்டக்டர், "கதவ மட்டும் ஏத்தறீங்க பெரியவரே. ஊடு பின்னால வருதுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் இடம் கொடுத்தார்.

ஜூலை 11, வெள்ளி

மறுபடி மூட்டை. தடுத்தேன். தள்ளிவிட்டாள். மெலிந்த கையில் அவ்வளவு பலம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு.

அழுதேன். இதை எழுதலாமா தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஜூலை 12, சனி

மாடத்தில் ஓதம். சுவரில் கை வைத்தால் ஈரம். பட்டு வைத்தால் போச்சு. சுத்தியலைப் போட்டுவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எதற்கு இதெல்லாம்?

பிறகு எழுந்தேன். சுவரை ஒட்டாமல் சட்டம் அடித்து, அதன்மேல் பேக்கிங் பெட்டிப் பலகை. நடுவில் விரல் நுழையும் சந்து, காற்றுக்கு. குறுக்கே இரும்புக் குழாய். பட்டுச் சேலையை மடித்து அடுக்காமல் அதில் போட வேண்டும். அந்துருண்டை துணியில் முடிந்து மூலையில். பட்டில் படக் கூடாது.

ரோ. கதவோரம் நின்று பார்த்தாள். "காப்பி குடிக்கிறீங்களா?" என்றாள்.

வேலைக்கு வந்த ஆளைக் கேட்பது போல இருந்தது. ஆனால் என்னிடம் எப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். ஊரிலிருக்கும் எல்லோரிடமும் அப்படித்தான். அதனால் சரியாகத் தெரியவில்லை.

குடிக்கிறேன் என்றேன். உள்ளே போனவள் வரவில்லை. நானே போட்டு இருவரும் குடித்தோம்.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ரோ. தூக்கம். கதவை மணல் தாளால் தேய்த்தேன். பின்பக்கம் பழைய பெயிண்ட்டில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: பால், சனி வரை. படித்துவிட்டேன். படித்த பிறகே தேய்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

வெயில். கதவு மாட்டியாயிற்று. கொண்டி, சின்னப் பூட்டு. பெட்டியைச் சரசு வீட்டுப் பரணில் ஏற்றியாயிற்று.

ரோ. கதவைத் திறந்து மூடித் திறந்து பார்த்தாள். தானே ஒவ்வொரு சேலையாகக் குழாயில் போட்டாள், கரை சுருங்காமல் நீவி நீவி. கல்யாணப் பட்டை மட்டும் என் வெள்ளை வேட்டியில் சுற்றி அலமாரித் தட்டில் வைத்தாள். சொல்லித்தரவில்லை. கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மத்தியானம் வரை மூட்டை இல்லை. வாசல் பக்கமே போகவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். அலமாரியைப் பூட்டின சாவியை என் கையில் வைத்தாள்.

"பத்தரமா வெச்சிருங்க. எங்க ஊட்டுக்காரரு வந்து வாங்கிக்குவாருங்க."

சரிங்க என்றேன்.