எடை குறைந்த ஐஸ் கட்டி

நிலாக்களின் தண்ணீரை அளந்து பார்க்கும் என் மகளுக்கு, ஐஸ் கம்பெனி அப்பா எழுதுவது. நான் சுகம். நீ சுகமா என்று போனில் கேட்டால் "ம்" என்று முடித்துவிடுவாய். அதனால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பெரிய படிப்புக்காரி பொறுத்துக்கொள்.

ஒரு வேடிக்கை கேள். ராட்சசக் கிரகத்தைச் சுற்றும் பனி நிலா ஒன்று, வெடிப்பு வழியாகத் தண்ணீரை வானத்தில் பீய்ச்சுகிறது என்றாயே, அது தீர்ந்துபோகாதா என்று எனக்கு ஒரே கவலை. நம் வீட்டுக் குழாய் ஒழுகுவதற்குக்கூட இவ்வளவு கவலைப்பட்டதில்லை. குளிர் அறையில் ஒரு ஐஸ் கட்டியை ஒதுக்கி, தினமும் எடை போட்டேன். ஒரு சொட்டு உருகவில்லை, எடை மட்டும் குறைகிறது! மூட்டை தூக்கும் தொப்பையன்தான் சுரண்டித் தின்கிறான் என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவன் என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கூரையைக் காட்டினான். குளிர்க் குழாய் முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. உருகாமலே ஆவியாகி அங்கே போய் ஒட்டியிருக்கிறது. உன் ஐஸைத் தின்ற வயிறு அதுதான்யா என்று சிரித்தான். மன்னிப்பாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், ரெண்டு குடித்தான்.

உன் நிலா பீய்ச்சியதிலும் ஒரு பங்கு பனியாகத் திரும்பி விழும் என்றாயே, அப்போதுதான் விளங்கியது.

இனி விஷயம். இன்னும் அஞ்சு வருஷம் அந்த வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடத்திலேயே இருக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமாப்பா என்று கேட்டாய். மூன்று நாளாகப் போனை எடுக்காதது அதனால்தான். காதடைப்பு என்று சொல்லியனுப்பியது பொய். உன் அம்மா போனபிறகு வீட்டில் சத்தம் போடுவது நானும் ஃபிரிட்ஜும்தான். அதுவும் இப்போது இரைச்சலைக் குறைத்துக்கொண்டது.

கிரகத்தை ஒட்டியே சுற்றும் நிலா ஒன்று, கிரகம் இழுக்கிற இழுப்பில் உண்டான சூட்டிலேயே சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோனது என்று நீதானே சொன்னாய்? உன்னை என்னோடு ஒட்டவைத்துக் காயவைக்கும் பாவம் எனக்கு வேண்டாம். நீ இரு. அஞ்சு வருஷமும் இரு.

எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமலே, வாராவாரம் அந்தக் குழாய்ப் பனியைச் சுரண்டி எறிவது என் வேலை. இந்த வாரம் கை வரவில்லை. மேனேஜர் திட்டினார், திட்டட்டும்.

எங்கே சுற்றினாலும் ஈரம் வற்றாமல் இரு, மகளே. எப்போதாவது ரெண்டு நாள், இந்தப் பக்கம் பனியாக விழுந்துவிட்டுப் போ.

உன் அப்பா