ஆளுக்கொரு அடி

மார்ச் 2, வியாழன்

இன்னைக்கும் இவரு வாசப்படி தாண்டல. சாப்பிட்டாரு, நாற்காலியில உக்காந்தாரு, மறுபடி சாப்பிட்டாரு. நெஞ்சுல ஆபரேஷன் ஆகி நாலு மாசம் ஆச்சு. டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரு, நடங்க, மேடு கூட மெதுவா ஏறலாம், உக்காந்தே கெடந்தாதான் ஆபத்துன்னு. யாரு கேக்கறா? "சும்மா எதுக்குடி நடக்கணும்? எங்க போய்ச் சேரணும்?"ங்கறாரு. காலம் பூரா பஸ் ஓட்டின மனுஷன். சும்மா போயிட்டு சும்மா திரும்பி வர்றது இவருக்குப் பிடிபடவே இல்ல.

மக வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா மாறுவாருன்னு நெனச்சேன். மருமகன் கோல்ஃப் மைதானத்துல புல்லு வெட்டற மெஷின் ஓட்டறாரு. வேலை செய்யறவங்க குடியிருப்புல வீடு. சன்னலத் தொறந்தா ஏரி, அதச் சுத்திக் குன்று, குன்று மேல ஏறி எறங்கிப் போற பச்சைப் புல்லு. கடவுள் நல்ல மனசோட இருந்தப்ப பண்ணின இடம். இவரு அந்த சன்னலுக்கு முதுகக் காட்டி உக்காந்திருக்காரு.

மார்ச் 6, திங்கள்

திங்கக்கிழமை மைதானத்துக்கு லீவு. அன்னிக்கு மட்டும் வேலை செய்யறவங்களும் வீட்டாளுங்களும் ஆடிக்கலாமாம். "சும்மா வந்து பாருங்க அத்தை"ன்னாரு மருமகன். போனதும் கையில மட்டையக் குடுத்துட்டாரு.

கடவுள வேண்டிக்கிட்டு ஓங்கி ஒரு அடி. பந்து அங்கயே இருக்கு, புல்லுதான் பேந்துக்கிட்டுப் பறக்குது. அந்தப் புல்ல தெனம் வளக்கறவரு மூஞ்சியப் பாக்கணுமே. "பரவால்ல அத்தை"ங்கறாரு, பல்லக் கடிச்சுக்கிட்டு. அப்புறம் ஒண்ணு பட்டுச்சு. எவ்ளோ உயரம் போச்சு! நேரா ஏரிக்குள்ள. மைதானத்துக் கேன்டீன் சமையல்காரம்மாவும் ஆட வந்திருந்தா, அவ கை தட்டினா.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "பேரன் எடுக்கற வயசுல மட்டையத் தூக்கிட்டு அலையற, மானம் போகுது, கால் சுளுக்கிக்கிட்டா நானா எண்ணெ தேய்ப்பேன்"னாரு. ஆபரேஷனுக்கு அப்புறம் இவ்ளோ நீளமா இவரு பேசினதே இல்ல. அடுத்த வாரமும் போகணும்.

மார்ச் 13, திங்கள்

வந்துட்டாரு! என்னைத் திட்டறதுக்குன்னே கெளம்பி வந்தாரு. வேலி ஓரமா நின்னுக்கிட்டு, "தோள வளைடி, ஸ்டியரிங்கப் பிடிச்ச மாதிரி ஏன் வெறைச்சு நிக்கற"ன்னு ஒரே உபதேசம். என் பந்து ஒண்ணு புதருக்குள்ள போயிடுச்சு. நான் போனா போகுதுன்னு விட்டேன். இவருக்குப் பொறுக்கல. "போட்டுத் தொலைச்சிட்டு வர்றியே, யாரு எடுப்பா?" - வேலிக்கு இந்தப் பக்கம் வந்து தேட ஆரம்பிச்சிட்டாரு. கெடச்சதும் வேட்டியில தொடச்சுக்கிட்டே வர்றாரு. போய்ச் சேர இவருக்கு ஒரு எடம் கெடச்சிடுச்சு. கடவுளே, உன் கணக்கே தனி.

மார்ச் 15, புதன்

இவராவே நாற்காலிய சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டாரு. நான் பாக்காத மாதிரி பாத்திரம் வெளக்கினேன்.

மார்ச் 27, திங்கள்

அடுத்த மாசக் கடைசியில ஜோடிப் போட்டியாம். ஜோடிக்கு ஒரே பந்து. ஒரு அடி இவரு, அடுத்த அடி நான். நான் எங்க போட்டேனோ அங்க இருந்துதான் இவரு அடிக்கணும், இவரு எங்க போட்டாரோ அங்க இருந்து நான். சண்டை வரணும்னே எவனோ கண்டுபிடிச்சிருக்கான். "இந்த ஆட்டத்துல எத்தனை பேரு பேச்ச நிறுத்திருக்காங்க தெரியுமா அக்கா"ங்கறா சமையல்காரம்மா. பந்து தேடறவரு இப்ப மட்டையும் பிடிக்கறாரு, சேந்துக்கலாம்னுட்டாரு. மக டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டா. தாராளமா ஆடட்டும்னுட்டாரு.

பழகிப் பாக்க எறங்கினோம். பந்த உள்ள தள்ள வேண்டிய குழிங்கள்ல ஆறு வரைக்கும் சமதரை மாதிரிதான். ஏழாவது குன்று உச்சியில. கீழ இருந்து பாத்தா கொடி மட்டும் தெரியும். இங்க அதுக்குப் பேரே மூச்சுவாங்கி. இவரு அண்ணாந்து பாத்தாரு. கை தானா நெஞ்சுக்குப் போச்சு. நான் பாத்துட்டேன். என் அடி வந்துச்சு. பந்து ஏரியில போய் விழுந்துச்சு. பந்து போனா அந்தக் குழிய விட்டுக் குடுத்துட்டு, ஏரிக்கரைப் பாதையில சுத்திக்கிட்டு எட்டாவதுக்குப் போயிடலாம். அந்தப் பாதையில மேடே கெடையாது.

ஏப்ரல் 10, திங்கள்

இன்னைக்கும் ஏழாவதுல ஏரிதான். கரையில நடந்துக்கிட்டு இருக்கும்போது இவரு நின்னுட்டாரு.

"மத்த எடத்துல நேரா போற பந்து, இங்க மட்டும் ஏன் எடது பக்கம் போகுது?"

"கை நழுவிடுச்சுங்க."

"வண்டி எங்க திரும்பும்னு சக்கரத்தப் பாத்தாத் தெரியும். ஒன் கால நான் பாத்தேன். ஏரியப் பாத்துதான் நின்ன."

பொய் சொன்னேனா? ஆமா. தெரிஞ்சேதான் அடிச்சேன். பாதி மேட்டுல இவரு சாஞ்சிட்டா நான் என்ன பண்ணுவேன், யாரக் கூப்பிடுவேன்? அதச் சொன்னேன். அழுதுட்டேன்.

"நீயே அப்படி நெனச்சா நான் எப்படிடி ஏறுவேன்?"ன்னாரு. சத்தம் போடல. போட்டிருந்தா தேவலாம்.

ஏப்ரல் 12, புதன்

பேச்சில்ல. குழம்புல உப்பு கம்மின்னு மககிட்ட சொல்றாரு. நான் பக்கத்துலதான் நிக்கறேன்.

ஏப்ரல் 24, திங்கள்

போட்டி. வந்ததும் எழுதிடறேன்.

மட்டையத் தொட்டதும் இவருக்குப் பேச்சு வந்துடுச்சு. ஆறு குழி ஆடினோம், திட்டிக்கிட்டேதான். ஏழாவதுல இவரு அடிச்சது மேட்டடியில நின்னுச்சு. அடுத்தது என் அடி. இவரு பின்னாடி வந்து நின்னாரு.

"கால் எங்க பாக்குது?"

"மேலதாங்க."

கண்ண மூடிக் கும்பிட்டேன். எப்பவும் மாதிரி நீளமா இல்ல. நீ பாத்துக்கோன்னு மட்டும். அடிச்சேன். பந்து மேட்டத் தாண்டி மறைஞ்சிடுச்சு. எங்க விழுந்துச்சுன்னு கீழ இருந்து தெரியல. இவரு ஏற ஆரம்பிச்சிட்டாரு.

பின்னாடியே போனேன். இவரு முதுகத் தவிர எதையும் பாக்கல. பாதியில நின்னு திரும்பினாரு. எனக்கு உசுரே நின்னுடுச்சு.

"நீ ஏண்டி இப்படி மூச்சு வாங்கற? உக்காரு கொஞ்சம்."

உக்காந்தேன். இவரு நின்னுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ரெண்டு பேரும் ஏறினோம். உச்சியில காத்து. ஏரி முழுசும் தெரியுது, அதுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஏரி. அப்படி ஒண்ணு இருக்கறதே இவ்ளோ நாளா தெரியல. இவரு ஒரு நிமிஷம் பாத்தாரு. அப்புறம் பந்தப் பாத்தாரு, ஆளச் சிக்க வைக்கன்னே வெட்டி வெச்ச மணல் பள்ளத்துல.

"போயும் போயும் மணலுக்குள்ளயாடி போட்ட!"

கீழ ஏரிக்கரை வரைக்கும் கேட்டுச்சாம். மருமகன் சொன்னாரு. கடைசி எடம் எங்களுக்குத்தான்.

மே 8, திங்கள்

எழுந்து பாத்தா இவரக் காணோம். சமையல்காரம்மா வீட்டுக்காரரோட விடியறதுக்கு முன்னயே போயிட்டாராம். அடுத்த போட்டிக்கு அவருதான் ஜோடியாம். ஒம்போது மணிக்கு வந்து நிதானமா சொல்றாரு: "உனக்காக நின்னு நின்னு போனா ஆட்டம் கெட்டுப் போகுது."

யாரு சொல்றது, இவரு.

இவரு நடக்கணும்னுதான் கடவுள்கிட்ட கேட்டேன். எனக்காக நிக்கணும்னு சேத்துக் கேக்கத் தோணல. போகட்டும். சமையல்காரம்மாவுக்கும் இப்போ ஜோடி இல்ல. சாயங்காலம் போய்ப் பேசணும்.